செருப்பில்லாச் செருப்பு: ஒரு தத்துவ விசாரம்

செருப்பு வாங்குபவன் காலுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு பொருளை வைக்கவே காசு கொடுக்கிறான் என்பது பாதரட்சை சாஸ்திரத்தின் ஆதி சித்தாந்தம். ஆனால் குதியும் முன்னங்காலும் ஒரே மட்டத்தில் நிற்க, அப்பளம்போல் மெலிந்த அடியும், விரல்கள் விரிந்து படிய விசாலமான முகப்பும் உடைய ‘வெறுங்கால் ஷூ’ என்னும் நூதன வஸ்து தோன்றிய பின்னர், நடுவேயுள்ள பொருள் குறையக் குறைய விலை ஏறும் விந்தையைக் கண்டு, இதனை விசாரியாது விடுதல் தகாது என்று துணிந்தேன்.

பிற்கால வைசேஷிகர் இன்மையையும் ‘அபாவம்’ என்ற ஏழாவது பதார்த்தமாகக் கொண்டு, நான்காக வகுத்தனர். ஒன்று தோன்றுமுன் உள்ள இன்மை பிராகபாவம். அழிந்தபின் உள்ளது பிரத்வம்சாபாவம். ஏனைய இரண்டும் செருப்புக் கடைக்கு உதவா. வெறுங்கால் ஷூவின் அடி பிராகபாவத்தைச் சேர்ந்தது என்பதே என் கட்சி.

வெறுங்கால் ஷூ மதத்தார் காட்டும் ஆப்த வாக்கியம், எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-இல் ரோமாபுரியில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடி வென்ற வரலாறு. அவரே 1964-இல் டோக்கியோவில் ஷூ அணிந்து, மூன்று நிமிஷம் விரைவாக ஓடி மறுபடியும் வென்றதை அவர்கள் உரக்கச் சொல்வதில்லை.

இந்த ஷூவை வாங்கப் போனாலோ, கோளாறு அளவிலே இருக்கிறது. ஆங்கிலேயரின் செருப்பு எண் ஒவ்வொன்றும் ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு. நம் சிற்பிகளும் யவம் என்ற அதே மணியைக் கொண்டே அளந்தார்கள், ஆயினும் அதனைக் குறுக்கே வைத்து, எட்டு யவத்தின் அகலம் தம் கணக்கில் ஓர் அங்குலம் என்றார்கள். மணியை நெடுக வைத்த மரபில் வந்த கடைக்காரர் என்னிடம் “எட்டா, ஒன்பதா?” என்று கேட்டாரேயன்றி, இருபத்தாறு எலும்புகள் சேர்ந்த ஒரு பாதம் விரலருகே எவ்வளவு அகலம் என்று கேட்கவில்லை. ஆதலால், கால் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில், காகிதத்தின்மேல் முழுப் பாரமும் ஊன்றி நின்று, பென்சிலால் சுற்றி வரைந்து, ஷூவின் உள்தகட்டை உருவி அதன்மேல் வைத்துப் பார்ப்பதே பிரமாணம். சுண்டுவிரல் தகட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தால், விற்பவர் சொல்லும் எந்த அநுமானத்தையும் ஏற்க வேண்டியதில்லை. (என் வீட்டிலுள்ள எட்டு ஜோடிகளில் ஏழு இப்பரீட்சையில் தேறவில்லை, தேறியது குளியலறைச் செருப்பு.)

வாங்கிய அன்றே மூன்று மைல் நடந்தேன். உயர்ந்த குதியிலேயே சுகம் கண்டிருந்த கெண்டைக்கால் தசை மறுநாள் மாடிப்படி இறங்க மறுத்தது. நாளுக்குக் கால் மணி நேரமாகத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதை அதன் பின்னரே கற்றேன்.

ஒரு வாரங்கழித்து, அறுந்த பை வாரைத் தைக்கத் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போயிருந்தபோது, அவர் பையை விட்டுவிட்டு என் காலையே உற்று நோக்கினார். ஷூவைக் கழற்றச் சொல்லி வாங்கி, அடியை இரண்டு விரலால் மடித்தும் பார்த்தார். பிராகபாவத்தையும் பிரத்வம்சாபாவத்தையும் பிரத்தியட்சத்தால் பிரித்தறிய இயலாது என்ற உண்மை எனக்குப் புலப்பட்டது அக்கணத்தில்தான்.

“அடி சுத்தமாத் தேஞ்சு போச்சே சார்,” என்றார் அநுதாபத்தோடு. “டயர் வச்சுத் தச்சுத் தரட்டுமா?”