தள்ள வந்த ஊர்

மானிப்பாய் ஒழுங்கை ஒன்றுக்குள் கார் ஸ்ராட் வராமல் நின்றால், அது நெடுநேரத்துக்குச் சொந்தக்காரரின் பிரச்சினையாக இருக்காது. படலைகள் திறக்கும். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். பற்றறி செத்துப்போன செய்தி மரண அறிவித்தலைப்போலப் பரவும், வருகிறவர்களும் "எப்ப நடந்தது?" என்றுதான் கேட்பார்கள்.

தள்ளுவதில் எங்கள் ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் இங்கே ஓடியவை ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட். முன்பக்கத்து ஓட்டைக்குள் ஹான்டிலை விட்டுச் சுத்தினால் எஞ்சின் எழும்பும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் திருப்பி உதைத்துக் கையை முறித்துவிடும். (டொக்டர் சாமுவேல் கிறீன் 1848 இலேயே இங்கிலீஸ் வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கிய ஊர் இது என்பதால் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை.) ஹான்டில் தொலைந்தால் தள்ளவேண்டியதுதான். இரண்டாம் கியரைப் போட்டு, கிளச்சை மிதித்து, வேகம் பிடித்ததும் படக்கென்று விடவேண்டும். அந்தக் கார்களில் இருந்தது டைனமோ. அதன் இரும்பில் ஒட்டிக்கிடக்கிற கொஞ்சக் காந்தமே கரண்ட் பிறக்கப் போதும். பற்றறியை ஒரு மரியாதைக்கு வைத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

1990 இல் சண்டை திரும்பத் தொடங்க, கரண்ட் நின்றது. பொருளாதாரத் தடையில் ரோச் லைற் பற்றறிகூட வரக்கூடாத சாமானானது. சைக்கிளை நிறுத்திப் பெடலைச் சுத்தி, அதன் டைனமோவில் ரேடியோவைப் பூட்டி பிபிசி தமிழோசை கேட்டோம். கார்கள் கொஞ்சம் பெற்றோலில் எழும்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடின. முன்னால் இருந்தவருக்குப் பயணம், பின்னால் சைக்கிளில் வந்தவருக்குப் புகை. அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர் என் பெரியப்பா. பன்னிரண்டு வோல்ற் இல்லையென்று ஒரு கார் நிற்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியாது.

நின்றது என் மச்சானுடைய ஹைபிரிட் கார். அவருக்குக் கொழும்பில் வேலை. கார் எங்கள் வளவில். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி விட்டது. இடையில் பழைய கார்களின் விலை காணி விலையை எட்டிப் பிடித்ததால், மச்சானுக்குக் காரை மாமரத்தின் கீழ் விடவும் பயம், வெயிலில் விடவும் பயம், எடுத்து ஓட அதைவிடப் பயம். ஓடாமல் நிற்கிற காரில் அலாமும் கம்பியூட்டரும் பற்றறியைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். மிச்சத்தை எங்கள் வெக்கை பார்த்துக்கொள்ளும்.

சித்திரை வருசப்பிறப்பன்று மருதடிப் பிள்ளையாருக்குத் தேர். தேர் பார்த்துவிட்டுச் சுழிபுரத்துக்குப் போய்க் கைவிசேஷம் வாங்குவதாகத் திட்டம். ரிமோட்டை அமத்தினார் மச்சான், கதவு அசையவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருந்த குட்டித் திறப்பால் ஒருவாறு திறந்து ஏறி ஸ்ராட் பட்டனை அமத்தினால், ஒரு லைற் கண்ணடித்துவிட்டு அணைந்தது. பற்றறி இருப்பது டிக்கிக்குள். டிக்கி திறப்பது கரண்டில். கரண்ட் இருப்பது பற்றறியில். ஜப்பான்காரர் இதை யோசித்துத்தான் செய்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அதற்குள் ஒழுங்கை நிறைந்துவிட்டது.

"தள்ளுவம்," என்றார் பெரியப்பா.

"மாமா, உது தள்ளி ஸ்ராட் பண்ண ஏலாது."

"ஏன், சில்லு இல்லையோ?"

மச்சான் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கிளச் இல்லை. நியூட்ரலுக்கு மாற்றவும் கரண்ட் வேண்டும். ஓட்டுகிற பெரிய பற்றறி இருநூறு வோல்ற். ஆனால் அதைத் திறந்துவிடுகிற கம்பியூட்டர் விழிப்பதற்கு இந்தச் சின்னப் பற்றறியின் பன்னிரண்டு வோல்ற் வேண்டும்.

"இருநூறை வீட்டுக்குள்ள பூட்டி வைச்சுக்கொண்டு, பன்னிரண்டு கைமாத்துக் கேக்குதோ?"

கைமாற்றுக் கொடுக்க வந்தவர் ஓட்டோக்காரத் தம்பி. போனற்றைத் திறந்தால் பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடியோடு ஒரு முனை இருக்கிறது. கம்பனி அந்தளவுக்காவது இரங்கியிருக்கிறது. சிவப்பு வயரை அதில் மாட்டி, மறுநுனியை ஓட்டோ பற்றறியின் நேர்முனையில் மாட்டினார். கறுப்பு வயரின் ஒரு நுனி ஓட்டோ பற்றறிக்கு, மறுநுனி காரின் வெறும் இரும்புக்கு. ஹைபிரிட்டில் ஸ்ராட்டர் மோட்டரைச் சுத்தவைக்கும் வேலை இல்லாததால் ஓட்டோவின் சின்னப் பற்றறியே தாராளம். மச்சான் பட்டனை அமத்தினார். டாஷ்போர்ட்டில் பச்சை எழுத்து வந்தது.

வந்தது எழுத்து மட்டும்தான். உறுமல் இல்லை, புகை இல்லை, நடுக்கம் இல்லை. கூட்டம் காதைக் கொடுத்துப் பார்த்தது.

"சத்தத்தையே காணேல்லை. வரேல்லைப் போல."

"வந்திட்டுது அண்ணை!" என்று மச்சான் கத்தினார். யாரும் எடுக்கவில்லை. தம்பி வயரைக் கழற்றி, போனற்றைச் சாத்தியதுதான் தாமதம், பெரியப்பா "ஏலேலோ" என்று குரல் கொடுக்க, தேர் இழுத்த கையோடு வந்திருந்தவர்கள் எல்லாரும் பின்னால் போய்க் கையை வைத்தார்கள். மச்சான் கியரைப் போட்டார். கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

பெரியப்பா கையைத் தட்டித் தூசு உதறினார்.

"ஏலாதாம்! எட்டுப் பேர் பிடிச்சா எது ஏலாது?"