வரி கட்டாத பேராண்டிக்கு

"நான் கவர்மெண்டுக்கு ஒத்த ரூபா வரி கட்டறதில்ல தாத்தா"ன்னு மார தட்டிக்கினியே பேராண்டி, அத இன்னொரு தபா சொல்லு. காது குளிரக் கேட்டுக்கறேன்.

சம்பளத்துக்கு வரி இல்ல, நெசந்தான். 2025 பட்ஜெட்டுல, புது முறையில 12 லட்சம் வரைக்கும் வருமான வரி கெடையாதுன்னுட்டாங்க. சம்பளக்காரனுக்குக் கழிவெல்லாம் சேத்தா 12,75,000. நீ ஓரகடம் ஆலையில ராவும் பகலும் ஓ.டி. பாத்தாலும் அந்த எல்லைக்கல்ல எட்ட நின்னுகூடப் பாக்க மாட்ட. உனக்குக் குடுத்த சலுகை, மொட்டத் தலையனுக்கு முடிவெட்டு இலவசம்ன்ற கதைதான். ஆனா காலைல பல்லு வெளக்கினியே, அந்தப் பேஸ்டுக்கு 5 சதம். ரீல்ஸ் பாக்க ரீசார்ஜ் போட்டியே, அதுக்கு 18. வாய மூடிக்கினு கட்டுறதால அது வரி இல்லன்னு ஆயிடுமா?

சரி, வண்டிக் கதைக்கு வருவோம். புல்லட்டு வெல கொறஞ்சிடுச்சின்னு நீயும் உன் சேக்காளிங்களும் குதிக்கிறீங்க. கொறஞ்சது மெய்தான். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் 56ஆவது தபா கூடி, 12ன்ற படியயும் 28ன்ற படியயும் எடுத்துட்டு, 5, 18, அப்பறம் ஆடம்பரத்துக்கும் புகையிலைக்கும் 40ன்னு வெச்சாங்க. புகையிலை தவிர மத்ததெல்லாம் செப்டம்பர் 22லேருந்து அமல். 350 சிசி வரைக்கும் வண்டிக்கு 28லேருந்து 18. அதத் தாண்டினா 31லேருந்து 40. நம்ம ஊர் பக்கத்துலயே ஓரகடத்துலயும் வல்லம் வடகாலுலயும் ஆலை வெச்சிருக்கற ராயல் என்ஃபீல்டு, தன்னோட 350 வண்டிங்களுக்கு 22,000 வரைக்கும் வெல கொறச்சான். அந்த வண்டி 349 சிசி. கோடு 350ல. ஒத்த சிசியில தப்பிச்சிக்கிச்சி! கம்பெனிக்காரன் வரிக்காக இஞ்சினச் சுருக்கிட்டான்னு நெனைக்காத, அந்தக் காலத்துப் புல்லட்டே 346 தான். கோடு கிழிச்சவன்தான் கிட்டக்க வந்து கிழிச்சிருக்கான். 650 மேல கண்ணு வெச்சிருந்தியே, அதுக்கு 40. முருகன வேண்டிக்க. ஏழடி ஒசரத்துல நிக்கற வல்லக்கோட்டை முருகனே இன்னமும் மயிலுலதான் போறார், அதுக்கு சிசி இல்ல.

இதுல நீ கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. எவ்வளோ கொறஞ்சதுன்றது இல்ல, மிச்சம் இருக்கற 18 எவன் பெட்டியில விழுதுன்றது.

நீ இங்க நட்டு முடுக்கின வண்டி லக்னோவுல வித்தா, அந்த 18ல பாதி டெல்லிக்கு, பாதி உத்தரப் பிரதேசத்துக்கு. தமிழ்நாட்டுக்குப் பூஜ்யம். நெலம் இந்த மண்ணு, தண்ணி இந்த ஏரி, ரோடு இந்த ரோடு, லாரி கெளப்புற புழுதி நம்ம நெஞ்சுக்குள்ள. பொருள் எங்க செலவாவுதோ அங்கதான் வரி, அதான் ஜிஎஸ்டியோட அஸ்திவாரம். முன்ன மத்திய விற்பனை வரின்னு ஒண்ணு, கடைசில 2 சதமா இருந்துச்சு, வெளி மாநிலத்துக்கு வித்தா செஞ்ச மாநிலத்துக்குக் கொஞ்சம் ஒதுங்கும். அதுவும் பூடுச்சி. இதத்தான் தமிழ்நாடு ஆரம்பத்துலேருந்து முனகிச்சி. 2016 ஆகஸ்டுல ராஜ்யசபாவுல ஜிஎஸ்டி மசோதாவுக்கு ஓட்டெடுப்பு வந்தப்ப அதிமுக உறுப்பினருங்க எழுந்து வெளிய போனாங்க. சட்டம் மட்டும் உள்ளயே உக்காந்துக்கிச்சி.

உடனே நரம்பு பொடைக்காத. லக்னோக்காரன் தன் பாக்கெட்டுலேருந்து குடுக்கற வரி அவன் ஊரு ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு கேட்டா அதுவும் ஞாயந்தான். அவன் பணத்துல நாம பாலம் கட்டிக்கறது எந்த ஊரு தர்மம்? ஜிஎஸ்டி வந்தப்பறம் செக்போஸ்டுல லாரி வரிசை கட்டி நிக்கறதும், டிரைவரு நாலு நாள் லுங்கியோட அங்கயே குடித்தனம் நடத்தறதும் நின்னுபோச்சி. அது லாபம்தான். எனக்கு இதுல மன்னிக்க முடியாதது வேற. நட்டமாவும்னு தெரிஞ்சிதான் மாநிலங்களுக்கு அஞ்சி வருசத்துக்கு ஈடு தர்றேன், வருசா வருசம் வருமானம் 14 சதம் வளந்த மாதிரியே கணக்கு வெச்சித் தர்றேன்னாங்க. 2022 ஜூன் 30ஓட கடைய மூடிட்டாங்க. ஈட்டுக்குன்னு போட்ட செஸ்சு மட்டும் மூடல. கொரோனாவுல வாங்கின கடன அடைக்கணும்னு மேலயும் ஓடிச்சி. மருமவன் பேர்ல சீட்டு கட்டி மாமனாரு கடன அடைச்ச வீடு நம்ம தெருவுலயும் உண்டு, நீயே பாத்திருக்க.

ராஜாஜி கதை தெரியுமா உனக்கு? 1937ல சேலம் ஜில்லாவுல கள்ளுக் கடைய மூடினார். போன வருமானத்துக்கு என்னா வழின்னு பாத்து 1939ல மெட்ராஸ் மாகாணத்துல பொது விற்பனை வரி கொண்டாந்தார். சாராயத்த விட்டுட்டு சரக்கு மேல வரி. இந்த நாட்டுல அந்த வித்தையில முன்னால நின்னது நாமதான். அந்த விற்பனை வரி 2007ல வாட்டாச்சி, 2017 ஜூலை 1ஆம் தேதி நடுராத்திரில ஜிஎஸ்டிக்குள்ள கரைஞ்சிது. இப்ப மாநிலம் தன்னிஷ்டத்துக்கு ஏத்தி எறக்க முடியற பெரிய வரி எதுன்னு பாரு: பெட்ரோலு, டீசலு, சாராயம். இதுங்க ஜிஎஸ்டிக்கு வெளிய நிக்குது. டாஸ்மாக்ல மட்டும் 2024-25ல 48,000 கோடிக்கு மேல. ராஜாஜி எதுலேருந்து தப்பிக்க வரி போட்டாரோ, அந்த வரியப் புடுங்கிக்கினு திரும்ப அங்கயே கொண்டாந்து உட்டுட்டாங்க. சீர்திருத்தம்னா இதான்டா! நம்ம சித்தப்பன் கணக்கா சாயங்காலமானா நாட்டு வருமானத்துக்கு ஒழைக்கறவனுக்கு மாநிலம் செலையே வெக்கலாம்.

டெல்லிய மட்டும் திட்டறனேன்னு மெட்ராஸ்காரன் சிரிக்க வேணாம். 2023 நவம்பர்ல பைக்குக்கு வாழ்நாள் வரிய 8லேருந்து, லட்சத்துக்குக் கீழ 10, மேல 12ன்னு ஏத்தினது ஆரு? உன் சேக்காளிங்க யாராச்சும் அதுக்கு ஒரு ஸ்டேட்டஸ் வெச்சானுங்களா? பெட்ரோல ஜிஎஸ்டிக்குள்ள கொண்டாரச் சொல்லிப் பாரு, ரெண்டு பேரும் ஒரே குரல்ல இருமுவானுங்க.

வரி யோசனை சொல்ல வந்த பெரிய பெரிய மூளையும் பாத்துட்டேன். 1956ல கால்டருன்னு கேம்பிரிட்ஜ் பொருளாதாரக்காரர் வந்தார். சம்பாரிக்கறவன உடு, செலவு பண்றவனப் புடின்னார். அப்ப நிதியமைச்சரா இருந்த நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1957ல செல்வ வரி, செலவு வரின்னு ரெண்டையும் போட்டார். இலங்கையும் அதே வைத்தியத்தப் பண்ணிப் பாத்துச்சி. செலவு வரி 1962ல போச்சி, 1964ல திரும்பி வந்துச்சி, 1966ல ஒரேயடியா போச்சி. வசூல் சொற்பம். பணக்காரன் தன் செலவ எழுதிக்குடுப்பான்னு கேம்பிரிட்ஜுல நம்பியிருக்காங்க, பாவம். ஆனா யோசனை சாவல பேராண்டி. செலவுக்கு வரின்றது பணக்காரன் வீட்டு வாசல்லேருந்து நகந்து உன் பிஸ்கோத்து பாக்கெட்டுக்கு வந்துச்சி. 2019 செப்டம்பர்ல கம்பெனிங்களுக்கு வரிய 30லேருந்து 22, புது ஆலைக்கு 15ன்னு எறக்குனாங்க. மொதலு போட்டாத்தான் வேல வரும்னாங்க. வந்துச்சா, வந்த வேல எல்லாம் காண்ட்ராக்டா, உன் பேட்ஜப் பாத்து நீயே சொல்லிக்க.

2024ல கோயம்புத்தூர் ஓட்டல்காரர் ஒருத்தர் நிதியமைச்சர்கிட்டயே கேட்டார்: பன்னுக்கு வரி இல்ல, உள்ள கிரீம் வெச்சா 18, கஸ்டமரு கிரீமத் தனியாக் குடு நானே வெச்சிக்கறேன்றான்னு. ஊரே சிரிச்சிது. அவருதான் அப்பறம் மன்னிப்புக் கேட்டார். இப்ப கேக்கு, பேஸ்ட்ரியெல்லாம் 5க்கு வந்துடுச்சி, பாக்கெட்டு பரோட்டாவுக்கு வரியே இல்ல. அதையே ஓட்டல்ல உக்காந்து சால்னா ஊத்தித் தின்னா 5. சால்னாவுல இருக்கு சூட்சுமம்.

அந்த ஜிஎஸ்டி கவுன்சில்ல ஓட்டு எப்பிடின்னு கேட்டியா? மொத்த ஓட்டுல மூணுல ஒரு பங்கு டெல்லிக்கு. மிச்சத்த எல்லா மாநிலமும் சமமாப் பிரிச்சிக்கணும். தமிழ்நாடும் ஒரு கை, சிக்கிமும் ஒரு கை. நாலுல மூணு பங்கு சேந்தாத்தான் தீர்மானம். டெல்லி கையக் கட்டிக்கினா மிச்சம் அத்தினி பேரு கை தூக்குனாலும் நிறைவேறாது.

சபைன்னா எப்பிடி இருக்கணும்னு கேளு. நம்ம ஜில்லாவுலயே, உத்திரமேரூருல, ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னாடி பராந்தக சோழன் காலத்துல ஒரு சபை இருந்துச்சி. குடவோலையில பேரு போடணும்னா வரி கட்டுற நெலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். முன்ன வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் நிக்கக் கூடாது. அவன் மட்டும் இல்ல, அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாது. கல்லுல வெட்டி வெச்சிருக்கான். வரியச் சீர்திருத்த செல்லையா கமிட்டி, கேல்கர் கமிட்டின்னு எத்தினியோ கமிட்டி போட்டாச்சி, இந்த ஒரு ஷரத்த மட்டும் யாரும் தூக்கிக்கினு வரல. எப்பிடி வருவான்? மச்சான் இல்லாத ஆளா தேடிப் புடிக்கறதுக்கே தனியா ஒரு கமிட்டி வேணும்.