போற வழிதான்!

கூடாரம், அடுப்பு, பாய், பக்கெட் என்று இரண்டு காரில் ராமேஸ்வரம் தீவுக்குக் கிளம்புகிற எந்தக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இருப்பார். முதல் இரண்டு நாள் அவரை எழுப்ப முடியாது. பாம்பன் பக்கம் தென்னந்தோப்பு நிழல், கடல்காற்று, மீன் வறுவல். "கடல் எங்கே ஓடிடப் போகுது?" என்று புரண்டு படுப்பார். ஊர் திரும்பும் நாள் விடிகிறபோதுதான் கடல் ஓடிவிடும் என்ற பயம் அவருக்கு வரும்.

இருட்டோடு டார்ச் அடித்து எல்லோரையும் கிளப்புவார். "இவ்வளவு தூரம் வந்துட்டு அரிச்சல்முனை பார்க்காமப் போறதா? போற வழிதான்!"

ஊர் மேற்கே. அரிச்சல்முனை தீவின் கிழக்குக் கோடி. அதைத் தாண்டினால் தலைமன்னார். இருந்தாலும் சித்தப்பாவுக்கு உலகத்தில் எல்லாமே போற வழிதான்.

முதலில் கூடாரத்தை மடக்கவேண்டும். வாங்கும்போது ஒரு பைக்குள் அடங்கியிருந்த வஸ்து, இப்போது எப்படி மடித்தாலும் ஒரு முழம் வெளியே நிற்கும். சித்தப்பா அதன்மேல் ஏறி உட்காருவார், சித்தி ஜிப்பை இழுப்பார். ஜிப் மூடியபின் நாலு கம்பி மணலில் கிடக்கும். "அது எக்ஸ்ட்ரா" என்பார். (இந்த எக்ஸ்ட்ராக்கள் இல்லாமல்தான் அடுத்த வருஷம் கூடாரம் நிற்க மறுக்கிறது.)

தனுஷ்கோடியில் மட்டும் அவரைக் குறை சொல்லமாட்டேன். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு ஊரையே கடல் கொண்டுபோன கதையை, இடிந்த தேவாலயத்துக்கு எதிரே நின்று, குரலைத் தாழ்த்திச் சொல்வார். பிள்ளைகள்கூட சிப்ஸ் பாக்கெட்டை நொறுக்காமல் கேட்கும். அடுத்த நிமிஷமே, "இலங்கை டவர் எடுக்கும், காசு போயிடும், எல்லாரும் போனை ஏரோப்ளேன் மோடுல போடுங்க!" என்று கத்துவார்.

முனையில் நின்று, "இந்தப் பக்கம் ஆண்கடல், அந்தப் பக்கம் பெண்கடல்" என்று கைகாட்டினார் ஒரு சித்தப்பா.

"தெரியுது. எது சும்மா இரைஞ்சுக்கிட்டே இருக்கோ அது ஆண்கடல்" என்றார் சித்தி.

திரும்பினால் கோயில். வந்த அன்றைக்கே 22 தீர்த்தமும் ஆடியிருக்கலாம். அன்று சளி பிடிக்கும் என்றவர் இவரேதான். இன்று சளிக்கும் அவசரம் புரியும் போலிருக்கிறது. தலைக்குத் தலை வாளி வாளியாகக் கொட்டிக்கொண்டு, ஈர வேட்டி புடவைகளைக் கார் ஜன்னலில் செருகிப் பறக்கவிட்டபடி பாம்பன் வருவார்கள். அங்கே கருவாடு. "நல்லாக் கட்டியிருக்கு, வாசனையே வராது" என்று அதைக் கூடாரத்தின்மேல் வைப்பார். ஏசி போட்டதும் வரும்.

பிறகு சாலைப் பாலம். வண்டி நிறுத்தக்கூடாத இடம் என்பதால் அங்கே நிறுத்தியே ஆகவேண்டும். 2025இல் திறந்த புது ரயில் பாலம் பக்கத்தில் நிற்கிறது. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு, லிஃப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் மேலே போகும். "ஒரு கப்பல் வரட்டும், தூக்கறதைப் பார்த்துட்டுக் கிளம்பிடலாம்." கண்ணுக்கெட்டிய தூரம் கப்பலில்லை. பின்னால் ஹாரன். போலீஸ்காரர் விசிலோடு வந்துவிட்டார்.

"எடுங்க சார், எடுங்க!"

"இதோ எடுத்துட்டோம். ஒரே ஒரு சந்தேகம் சார், உத்தரகோசமங்கை மதுரை போற வழிதானே?"

போலீஸ்காரர் காரைப் பார்த்தார். ஜன்னலில் பறக்கும் புடவையைப் பார்த்தார். மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னார்:

"ஆமா சார். போற வழிதான். உடனே கிளம்புங்க."