ஒன்றரை மீட்டர் வெள்ளி

சகலை பவர் கேபிள் வாங்கியிருக்கிறார். ஸ்பீக்கர் கேபிள்கூட இல்லை. அது போன தீபாவளி போனஸோடு முடிந்த கதை. இது ஆம்ப்ளிஃபயருக்கும் சுவரிலிருக்கிற பிளக் பாயிண்டுக்கும் நடுவே கிடக்கிற ஒயர். வெள்ளி முலாம், ஒன்றரை மீட்டர். விலையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

“கண்ணை மூடிக் கேளுங்க சகலை. பேஸ் எப்படி இறுகியிருக்கு பாருங்க. பின்னணி அப்படியே இருட்டாயிடுச்சு.”

ஞாயிற்றுக்கிழமை மதியம், மட்டன் சாப்பிட்ட வயிறு. கண்ணை மூடினால் எனக்கு எல்லாப் பின்னணியும் இருட்டுதான்.

“நம்ப மாட்டீங்களே! கேபிளை மாத்தினதும் உள்ளே வேலையா இருந்த இவளே ஓடிவந்து என்னாச்சுன்னு கேட்டா, தெரியுமா?”

“மிக்ஸி நின்னுபோச்சு அத்தான், அதான் கேட்டேன்,” என்றாள் மச்சினி. “இவர் ஒயர் மாத்தறேன்னு மெயினை இறக்கிட்டார்.”

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு டிவிக்குப் பின்னாலும் தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ ஒன்று தூசி படிந்து தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலும் தொங்குகிறது. ஒயரில் காசைப் போட்டால் பாட்டு நிஜமாகவே நன்றாகக் கேட்குமா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. முதலில் இந்த பவர் கேபிளை முடித்துவிடுகிறேன்.

மின்சாரம் நெய்வேலியிலிருந்து வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். பழுப்பு நிலக்கரி எரிந்து, டர்பைன் சுற்றி, 230 கிலோவோல்ட்டாகவோ 400 ஆகவோ ஏறி, கோபுரம் கோபுரமாக வயல்வெளி தாண்டுகிறது. கம்பி அலுமினியம், நடுவில் எஃகு. வெள்ளி கிடையாது. கோபுரங்களின்மேல் பறவைகள் உட்காருகின்றன, எழுந்து போகும்போது சும்மா போவதுமில்லை. துணைமின் நிலையங்களில் 110, 33, 11 என்று இறங்கி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறது. அதில் போன வாரம் ஒரு அணில் உயிர் விட்டது. தெருவே இரண்டு மணி நேரம் அதற்குத் துக்கம் காத்தது. அங்கிருந்து பில்லர் பாக்ஸ். அதற்குக் கதவு இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது இருப்பது பிறந்த நாள் வாழ்த்து பேனர். உள்ளே ஃப்யூஸ் கம்பியின் கனம் அன்றைக்கு லைன்மேன் பையில் என்ன கிடைத்ததோ அதைப் பொறுத்தது. பிறகு மீட்டர் பெட்டி. பிறகு சுவருக்குள் எலெக்ட்ரீஷியன் முறுக்கிவிட்டுப் போன ஜாயிண்ட், அதன்மேல் பசை செத்த கறுப்பு டேப். ஃப்ரிட்ஜும் அதே லைன்தான். கடைசியாக, அயர்ன் பாக்ஸ் செருகிச் செருகிக் கருத்துப்போன அந்த பிளக் பாயிண்ட். இவ்வளவு தூரம் இப்படி வந்த மின்சாரம், கடைசி ஒன்றரை மீட்டர் வெள்ளியில் கங்கையில் முங்கி எழுந்ததுபோல் பாவமெல்லாம் தொலைத்துப் புனிதமாகிவிடுகிறதாம்!

எழுந்த பிறகாவது நிம்மதி உண்டா? ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்ததும் டிரான்ஸ்ஃபார்மரில் மீட்டர் கணக்கில் சாதாரணச் செம்புக் கம்பி. அப்புறம் ரெக்டிஃபயர் அதை நேர்மின்சாரமாக்குகிறது, பெரிய கெப்பாசிட்டர்கள் வழித்துச் சமன் செய்கின்றன. இதெல்லாம் சகலைக்குத் தெரியாதா? ஈ.சி.இ. படித்தவர். ஓம் விதியைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

கேபிளின் மேல் ஒரு அம்புக்குறி வேறு. சுவரிலிருந்து ஆம்ப்ளிஃபயர் பக்கம் பார்த்துத்தான் மாட்ட வேண்டுமாம். மாறுமின்னோட்டத்தில் நெய்வேலி எலெக்ட்ரான் எதுவும் சகலை வீட்டுக்கு வருவதே இல்லை. நொடிக்கு 50 முறை, தலைமுடிக் கனத்துக்கும் குறைவாக, இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகிறது. அதற்கு எந்தப் பக்கம் அம்பு போட்டால் என்ன?

“ஆக்ஸிஜன் இல்லாத செம்பும் இருக்கு சகலை உள்ளே” என்றார். இருக்கட்டும். சாதாரண மின்கம்பிச் செம்புக்கும் அதற்கும் கடத்துதிறனில் வித்தியாசம் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான். கேபிள் ‘பழக’ 200 மணி நேரம் ஓட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இரவு பகல் விடாமல் ஓட்டினாலும் எட்டு நாளைத் தாண்டும். திருப்பிக் கொடுக்கக் கெடு ஏழு நாள்.

ஸ்பீக்கர் ஒயருக்கு வருகிறேன். என் ஸ்பீக்கருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மூன்று மீட்டர். போகவர ஆறு மீட்டருக்கு மின்தடை 0.042 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறைகிற சத்தம் 0.05 டெசிபெல்கூட இல்லை. 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ‘காற்றோட்டம்’ தெரிகிறது என்கிற சகலைக்கு வயது 54. எனக்கு 58, நான் காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறக்கிறேன்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரவித்தைக்காரர் 2007ல் ஒரு சவால் விட்டார்: 7,250 டாலர் ஸ்பீக்கர் கேபிளுக்கும் சாதாரண கேபிளுக்கும் பார்க்காமலே வித்தியாசம் சொன்னால் பத்து லட்சம் டாலர். பரிசுத் திட்டம் முடியும்வரை அந்தப் பணம் அவரிடமே இருந்தது. 2022ல் இன்னொரு கூத்து. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் இசைத்தட்டுகளை ‘அசல் அனலாக்’ என்று கொண்டாடியவர்களுக்கு, பலவற்றில் நடுவே ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது தெரியவந்தது. டிஜிட்டல் வாசனையே ஆகாதென்ற மூக்குகள் பல ஆண்டுகளாக அதைத்தான் மோந்து மோந்து புகழ்ந்திருந்தன. வழக்குப் போட்டார்கள். காதின்மேல் யாரும் போடவில்லை.

சகலையிடம் கண்ணைக் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். இசை கணக்கில் அடங்காது, மனசால் கேட்க வேண்டும் என்றார். பில் மட்டும் கணக்கில் அடங்கியிருந்தது.

நீங்களாவது செய்து பாருங்கள். வீட்டில் யாரையாவது பின்னால் நிற்கவைத்து, காசு சுண்டி, தலை விழுந்தால் இந்த ஒயர், பூ விழுந்தால் அந்த ஒயர் என்று மாட்டச் சொல்லுங்கள். மாட்டுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. பத்து முறை. குருட்டாம்போக்கில் ஒன்பதோ பத்தோ சரியாக வர வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுதான். ஒன்பது சரியாகச் சொல்லிவிட்டு எனக்கு போன் செய்யுங்கள். எட்டு வந்தால் வேண்டாம்.