பித்தளைப் பித்தர்

அமெரிக்க தேசத்தில் துப்பாக்கி சுடும் மைதானம் உள்ள ஊர் எதுவானாலும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே ஒரு மனிதரைக் காணலாம். மற்றவர்கள் எல்லாரும் நிமிர்ந்து குறிபலகையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் சிதறிக் கிடக்கும் புல்தரையில், அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கும் கிழவியின் சிரத்தையோடு ஒவ்வொன்றாக எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடியில் பொறித்த எழுத்தைப் படித்து, வாளியில் போடுவார். "இது உங்களுக்கு வேண்டியதில்லையே?" என்று பக்கத்திலிருப்பவரை மரியாதையாகக் கேட்பதும் உண்டு, பதில் வருவதற்குள் கூடு வாளிக்குள் விழுந்திருக்கும்.

ஏன் என்று கேட்டால், சிக்கனம் என்பார். அதிலும் நியாயம் உண்டு. சுட்டவுடன் குண்டு பறந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் செத்துவிடுகிறது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த அந்தக் கூடு ஒன்றுதான், மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றிக்கொண்டு புனர்ஜன்மம் எடுக்கக் காத்திருக்கிறது. ஆனால் அந்த ஜன்மத்துக்கு முன்னே நடக்கும் மங்கள ஸ்நானத்தைப் பார்த்தவர்கள், சிக்கனம் என்ற சொல்லை அப்புறம் வாயில் எடுக்கமாட்டார்கள்.

நம் வீட்டில் டம்ளர் என்றால் காப்பி வரும். அவர் வீட்டில் டம்ளர் என்றால் இராத்திரி முழுவதும் தூக்கம் வராது. ஏனெனில் அது கடகடவென்று அதிரும் ஓர் இயந்திரம். பொடித்த வால்நட் ஓட்டையோ சோளத் தக்கையையோ அதில் கொட்டி, மெருகுத் தைலம் கொஞ்சம் விட்டு, மணிக்கணக்காகக் குலுக்குவது ஒரு சம்பிரதாயம். தண்ணீரும் மெல்லிய எஃகு ஊசிகளும் சோப்பும் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலமும் சேர்த்து உருட்டுவது மற்றொன்று. வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள அந்நியோன்னியமே இவ்விரண்டுக்கும் உண்டு. முன்னவர் கூட்டின் அடித் துவாரத்தில் சிக்கிய தக்கைத் துகளை ஊசியால் நோண்டிக்கொண்டே, பின்னவர் கூட்டுக்குள் ஊசியே சிக்கிக்கொள்வதைச் சொல்லிச் சிரிப்பார்.

அமோனியா கலந்த மெருகை மட்டும் இரு சாராரும் தீண்டுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையின் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் கண்டன என்பதையும், லாயங்களில் அடுக்கிவைத்த அவற்றைக் குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவே கெடுத்தது என்பது 1921-இல்தான் விளங்கிற்று என்பதையும் சாங்கோபாங்கமாக விஸ்தரிக்காமல், வந்த விருந்தாளியை அவர் வாசற்படி இறங்க விட்டதில்லை.

பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறபடியால் இந்த வைபவமெல்லாம் கார் கொட்டகையோடு நிற்கவேண்டும் என்பது அவருடைய தர்மபத்தினியின் உத்தரவு. புளி போட்டுக் குத்துவிளக்கு துலக்கும் நம் பாட்டிமாரும் வெட்கும்படி பளபளக்கும் கூடு ஒன்றை அவர் நீட்டிக் காட்டினால், அந்த அம்மாள் அதைப் பார்ப்பதில்லை. தொட்டியில் கிடக்கும் சாப்பாட்டுத் தட்டுகளைப் பார்ப்பாள்.

கரியும் மண்ணும் போனால் போதும், மினுமினுப்பினால் குண்டு ஒரு மயிரிழைகூட நேராகப் போகாது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும், ஒரு கூட்டை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கழுத்தோரம் மங்கலாக ஒரு புள்ளி தென்பட்டால், பெருமூச்சு விட்டு அதை மறுபடியும் இயந்திரத்திலேயே போடுவார். அழுக்கானால்தானே துலக்கலாம்; அதற்காகவே சுடுகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மறு ஞாயிறு 50 முறை சுடுவார். பொழுது சாயும், மற்றவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். "எத்தனை குறியில் பட்டது?" என்று யாராவது கேட்டால், முழங்காலில் தவழ்ந்துகொண்டே புல்லுக்குள்ளிருந்து விசனத்தோடு பதில் சொல்வார்: "நாற்பத்தொன்பதுதான் கிடைத்தது."