பூராய வாசகர்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் வாசித்து முடித்துவிட்டு, ‘நந்தினிக்குத் தகப்பன் ஆர்?’ என்ற ஒரே கேள்வியோடு கதிரையை விட்டு எழும்புகிறவர் பூராய வாசகர். பூராயம் என்பது யாழ்ப்பாணத்தில் துருவித் துருவி விசாரிப்பது. விசாரிக்கப்படுவது பெரும்பாலும் அடுத்த வீட்டுச் சங்கதி. குடாநாட்டில் பூராயம் கேட்கிறவர்கள் எல்லாரும் நாவல் வாசிப்பதில்லை. அவர்களுக்கு அயலே போதும். அயல் போதாமற்போனவர்தான் பத்தாம் நூற்றாண்டுக்குப் போகிறார்.

இவர் அநேகமாக இளைப்பாறிய தபாலதிபர், கச்சேரிக் கிளாக்கர் அல்லது கணித ஆசிரியர். விறாந்தையில் சாய்மனைக் கதிரை, கைக்கெட்டும் தூரத்தில் ஐந்து பாகங்கள், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு துண்டுப் பென்சில். சனசமூக நிலையத்து வாங்கிலும், செத்தவீட்டுப் பந்தலிலும், மினிபஸ்ஸின் முன் சீற்றிலும் இவரைக் காணலாம். பெண்பாலாரும் உண்டு. அவர்களுக்கு ஞாபகசக்தி கூட என்பதால் பென்சில் வைத்திருப்பதில்லை.

இந்த வகை வாசகரின் வயது இலங்கைத் தமிழ் நாவலின் வயதுதான். 1885இல் வெளிவந்த சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’, குழந்தையிலே களவுபோய், பிறப்பறியாமல் வளர்ந்து, கடைசியில் பெற்றாரைக் கண்டடைகிற ஒருவனின் கதை. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ‘ஊசோன் பாலந்தை கதை’ ஐரோப்பியப் பழங்கதை ஒன்றைத் தழுவியது. அதில் பிரிந்துபோன இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனை அரண்மனை வளர்க்கிறது, மற்றவனைக் கரடி வளர்க்கிறது. இலங்கையில் தமிழ் நாவல் தொடங்கியதே ‘இவன் ஆற்றை பிள்ளை?’ என்ற கேள்வியோடுதான்.

1950 ஒக்டோபரில் ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டு ஓடியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிய காலம் அது. அதுவரை பூராய வாசகருக்குக் கதைக்கு ஒருவர் அல்லது இருவர்தான் பிறப்பு மறைந்த ஆளாகக் கிடைத்தார்கள். கல்கி ஒரே கதையில் மூன்று பேரை இறக்கினார். ஆழ்வார்க்கடியான் வீட்டில் வளர்ந்து பெரிய பழுவேட்டரையரைக் கட்டிய நந்தினி, ஊமை ராணி மந்தாகினியின் மகள். செம்பியன் மாதேவியின் மகனென்று அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன், நந்தினியோடு கூடப்பிறந்தவன். தஞ்சாவூரில் பூக்கட்டும் வாணியம்மையின் மகனென்று வளர்ந்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை. தன் தகப்பன் இன்னாரென்று நந்தினி கடம்பூர் மாளிகையில், தன்னை விரும்பிய சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் காதோடு சொல்லுகிறாள். கல்கி அந்தப் பெயரை அவ்விடத்தில் அச்சில் போடவில்லை. பின்னால் கருத்திருமன் என்பவன் சொல்லும் கதை வீரபாண்டியன் பக்கம் கைகாட்டுகிறது. மற்ற வாசகர்கள் அதோடு சமாதானமாகிவிடுகிறார்கள். பூராய வாசகர் ஆவதில்லை. “கைகாட்டினால் காணாது தம்பி. ஆள் வரவேணும்.”

இவருடைய ஆய்வுமுறை, கலியாணம் பேசும்போது ஆள் விசாரிக்கும் அதே முறை. கதையில் ஒருவன் குதிரையில் வந்தால் மற்றவர்கள் குதிரையைப் பார்ப்பார்கள். இவர் ‘எவடத்து ஆக்கள்?’ என்று தொடங்குவார். வந்தியத்தேவனைப் பற்றிய இவரது முடிவு மூன்று வரிதான்: “வாணர் குலம் எண்டு தானே சொல்லுறார். காணி பூமி ஒண்டுமில்லை. குந்தவைப் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் வந்திருக்கும், பொறுக்கேல்லை.” பழுவேட்டரையருக்கு அவர் தரும் கண்டனம் வயதைப் பற்றியதன்று. அறுபது தாண்டியவர் இளம்பெண்ணைக் கட்டியதை அவர் பொறுத்துக்கொள்கிறார். ஒரு ஆளை அனுப்பி விசாரிக்காமல் கட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆதித்த கரிகாலனின் தகப்பன் சுந்தரசோழர், முடிசூட முன்னர் ஒரு தீவில் மந்தாகினியை விரும்பியவர். ஆகவே விசாரணையின் உச்சம் மாதக் கணக்கு. பின்னேரம் நாலரை மணிக்கு, வந்தவருக்குத் தேத்தண்ணியும் ஒரு கடி பனங்கட்டியும் வந்து சேர்ந்த பிறகு அது தொடங்கும்.

“சுந்தரசோழர் தீவிலயிருந்து வெளிக்கிட்டது எப்ப?”

“கதையில நாள் சொல்லேல்லையே, மாஸ்டர்.”

“சொல்லாட்டில் கணக்கில்லையோ? மந்தாகினி அவரை முடியோட கண்ட நாளிலயிருந்து வருவம். விரலை மடி. கோடிக்கரையில வெளிச்சவீட்டு உச்சியிலயிருந்து குதிச்சது எத்தனையாம் மாசம்? மற்றக் கையையும் எடு.”

இரண்டு கை விரல்களும் மடிந்துபோவதால் எதிரில் இருப்பவரால் கோப்பையைத் தூக்க முடியாது. தேத்தண்ணி ஆறி ஆடை படிந்த பிறகு தீர்ப்பு வரும். திங்கட்கிழமை தீர்ப்பு வீரபாண்டியன். வெள்ளிக்கிழமை அது சுந்தரசோழருக்கு மாறும். சுந்தரசோழரே தகப்பன் என்றால் நந்தினி ஆதித்த கரிகாலனுக்குச் சகோதரி முறையாகிறாள். காதல் கதை குலைகிறது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. காதலைப் பார்த்துக் கணக்கை மாற்ற முடியாது என்பது அவரது நிலைப்பாடு.

கணக்கின் முடிவு ஒரு சி.ஆர். கொப்பியில் பதியப்படும். அதில் சோழர், பாண்டியர், கோடிக்கரைக் குடும்பம் மூன்றும் பெட்டி பெட்டியாகக் கீறப்பட்டிருக்கும். அந்தியேட்டி நினைவுமலரின் கடைசிப் பக்கத்து வம்சாவழி போலவே கலியாணத்துக்கு இரட்டைக் கோடு, இறந்தவருக்குச் சிலுவைக்குறி. சைவ வீட்டில் சிலுவைக்குறி எப்படி வந்தது என்பதை எவரும் பூராயம் கேட்டதில்லை. நந்தினிக்கு மேலே தகப்பன் பெட்டி. எழுதி அழித்து, எழுதி அழித்து, அந்த இடத்தில் தாள் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. ஓட்டைக்குள்ளால் அடுத்த பக்கத்துப் பால்கணக்குத் தெரியும்.

கொப்பியில் சட்டப் பிரிவும் உண்டு. யாழ்ப்பாணத்தின் தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் தொகுத்தார். மறு ஆண்டே அது சட்டமாயிற்று. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரித்து ஆளும் சட்டம் அது. தஞ்சாவூர்க் கதைக்கும் அதற்கும் 700 ஆண்டுக்கு மேல் இடைவெளி இருப்பது இவரை மறிப்பதில்லை. தேசவழமைப்படி பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பவர் சுற்றத்தாரின் சம்மதத்தோடு மஞ்சள் நீர் குடிக்கவேண்டும். எனவே அவர் கேட்கும் கேள்வி: வாணியம்மை சேந்தன் அமுதனை எடுத்து வளர்த்தபோது மஞ்சள் நீர் குடித்தாளா? குடித்ததற்கு நாவலில் சாட்சியில்லை. ஆகவே வாணியம்மையின் பூந்தோட்டத்தில் அமுதனுக்குப் பங்கில்லை. சோழ நாடே கிடைக்கப்போகிற ஒருவனிடமிருந்து அரைப் பரப்பு நந்தியாவட்டையைப் பறித்த பிறகுதான் அன்று இவருக்கு நித்திரை வரும்.

ஆதாரம் கேட்டால் இவரிடம் இரண்டு பதில் உண்டு. முதலாவது கல்வெட்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிக்கிறது, அது வரலாறு. யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் செத்தவருக்கு 31ஆம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் புத்தகம். இவர் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார். “சும்மா ஒரு கிளாக்கரின்ரை கல்வெட்டிலயே பேரப்பிள்ளையள் வரை போடினம். அரசகுமாரன்ரை கல்வெட்டில கொண்டவன்ரை பேரைப் போட்டவை, பெட்டையின்ரை தகப்பன்ரை பேரைப் போடாமல் விட்டிருப்பினமோ? ஆரோ வெட்டிப்போட்டாங்கள்.”

இரண்டாவது பதிலுக்கு மறுமொழி கிடையாது. கல்கி தம் கையால் பெயரைப் போட்ட ஒரு பழைய பிரதி யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்ததாம், இவர் கண்ணால் கண்டாராம். நூலகம் 1981இல் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றுள் ஒன்றைப் பற்றி இவர் பொய் சொல்கிறார் என்று எழும்பிச் சொல்ல எவருக்கும் நா வராது. அந்த மௌனத்தை இவர் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார்.

கதை முடிந்ததும் வாசகர்கள் விடாமல் கேட்டதால் கல்கி ஒரு முடிவுரை எழுதி, கேள்விகளை வரிசையாகப் போட்டுப் பதில் சொல்லவேண்டிவந்தது. பூராய வாசகர் அதை நீதிமன்ற வாக்குமூலம்போலப் படிக்கிறார். “கேட்டதுக்குப் பதில் சொல்லுறார். கேளாததுக்கு வாய் திறக்கிறாரில்லை, பாத்தீரோ?”

மற்றப் பழக்கங்கள் சிறியவை. கதையில் யானையிறவும் தொண்டைமானாறும் வருவதால் ஊமை ராணியைத் தம் பக்கத்து ஆளாக எண்ணி, பூதத்தீவு எது என்று காட்டுவதற்கு நயினாதீவுக்குப் போகிறவர்களின் படகில் ஏறிக்கொள்வார். தொண்டைமானாறு என்ற பெயர் கருணாகரத் தொண்டைமானால் வந்தது என்பது ஊர் வழக்கு. அவன் குலோத்துங்கன் காலத்தவன், கதை நடந்து ஒரு நூற்றாண்டுக்குப் பிந்தியவன். இதை எடுத்துச் சொல்கிறவரிடம் முதலில் அவருடைய ஊரை விசாரிப்பார். மணிரத்னத்தின் படம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்தது. அதில் குழந்தை மாறும் கதை இல்லை. மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் சொந்த மகனாகவே வருகிறான். இவரது விமர்சனம்: “பிள்ளையையே மாத்தேல்லை. பேந்தென்ன படம்?”

இவரால் ஊருக்கு நன்மை விளைந்த காலமும் ஒன்றுண்டு. 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சொட்டு எண்ணெயும் விட்டு எரித்த விளக்கில்தான் படிப்பும் சமையலும் நடந்தன. பொம்பர் சுற்றும் நேரங்களில் அயல் பிள்ளைகளைப் பங்கருக்குள் இருத்திவைக்கும் வேலை இவரிடம் விழுந்தது. புத்தகம் கையில் இல்லாமலே, ஐந்து பாகமும் மனப்பாடமாக, ஒவ்வொரு நாளும் ஒரு முடிச்சில் கொண்டுவந்து நிறுத்துவார். “ஊமை ராணி ஆர் எண்டதை நாளைக்குச் சொல்லுறன்.” மேலே இரைச்சல் கேட்டபோதும் பிள்ளைகளின் கவலை ஊமை ராணியைப் பற்றியதாக இருந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்து சாவகச்சேரி றோட்டில் நகர்ந்தபோது, இவர் சைக்கிள் கரியரில் அரிசியோடு நாலு பாகம் இருந்தது. மூன்றாம் பாகத்தை ஒருவர் இரவல் கொண்டுபோயிருந்தார். அந்த ஒருவர் இன்ன ஊர், இன்னாரின் மருமகன் என்பது இன்றும் சொல்லப்பட்டு வருகிறது.

அதே ஆள்தான் அயலில் கலியாணம் பேசும்போது மூன்று பஸ் மாறிப் போய் விசாரிக்கிறார். குடாநாட்டில் ‘எவடம்?’ என்ற கேள்வி ஊரைக் கேட்பதுபோலத் தொடங்கும். அடுத்தது குறிச்சியைக் கேட்கும், அதற்கடுத்தது எந்தக் கோயில் என்று கேட்கும். கோயில் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. விசாரித்துவிட்டு வந்து இவர் பெண் வீட்டைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்வதில்லை. ‘ம்…’ என்று இழுப்பார், செருப்பைக் கழற்றுவார். அந்த ஒரு இழுவையில் கலியாணம் குழம்பிவிடும். இரண்டு வருடம் ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பிள்ளைகள் வேறு வேறு நாட்டுக்கு விமானம் ஏறுவார்கள். தகப்பன் பெயர் தெரியாத நந்தினிக்காக ஐம்பது வருடமாகக் கண்கலங்குகிறவர், தகப்பன் பெயர் தெரிந்த ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயரையே குற்றமாக்குகிறார். அமுதன் அரசனாகும் இடத்தில் இவர் தொடையில் தட்டி மகிழ்வதும் பூக்கட்டியவன் உயர்ந்தானே என்பதற்காக அன்று. “பாத்தீரோ, ரத்தம் காட்டிக் குடுத்திட்டுது!”

அமுதனின் கலியாணத்தில்தான் இவருடைய கணக்குப் பிழைக்கிறது. பூங்குழலி, கோடிக்கரைக் கலங்கரை விளக்கம் காக்கும் தியாகவிடங்கரின் மகள். வாணியம்மை அவளுக்கு மாமி. அமுதன் வாணியம்மையின் மகனாக இருந்தவரை அவள் சொந்த மச்சாள், உரிமைப் பெண், இவருக்கு முழுச் சம்மதம். பிறப்பு வெளிப்பட்டதும் முறை அறுந்துவிடுகிறது. ஒரு பக்கம் சோழ இளவரசன், மறுபக்கம் ஓடக்காரப் பெண். இருந்தும் அமுதன் அவளையே கட்டுகிறான். ஓடம் வலித்த பூங்குழலி சோழ நாட்டு அரசியாகிறாள். கொப்பியில் இந்தக் கலியாணத்துக்கு இரட்டைக் கோடு இல்லை.

இதைப் பற்றி இவரிடம் கேட்டவர்களுக்கு எப்போதும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். “அது கதைதானே, தம்பி.”