தாங்கும் சார்: ஒரு மூலமும் அதன் உரையும்

சீலிங் ஃபேன் மாட்டும் கலைக்குத் தமிழில் மூலநூல் ஒன்றே உண்டு. இரண்டே சொற்களால் ஆனது அது: "தாங்கும் சார்." ஸ்டூல் மேல் நின்று, வாயில் ஸ்க்ரூவைக் கவ்வியபடி எலக்ட்ரீஷியன் அருளுவது. வாய்மொழியாகவே வழங்கி வருவதால் பாடபேதங்கள் உள. "அதெல்லாம் தாங்கும் சார்" என்பது விரிந்த பாடம். "தாங்கும்ணே" மதுரைப் பாடம். "தாங்குமுங்க" கொங்குப் பாடம். பொருளில் வேற்றுமை இல்லை. கேட்டவர் செய்வதிலும் வேற்றுமை இல்லை: அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டிலைச் சற்றுத் தள்ளிப் போடுகிறார்கள்.

இத்தனை செல்வாக்குள்ள வாக்கியத்துக்கு இதுவரை எவரும் உரை செய்யாதது ஆய்வுலகின் பெருங்குறை. அக்குறை போக்கவே இது எழுந்தது.

வரலாற்றை விரைவாகக் கடக்கலாம். மரச்சட்டத்தில் கட்டிய துணியைக் கயிற்றால் இழுத்து அசைத்த பங்கா முன்னோர் கண்டது. இழுத்தவர் தூங்கினால் காற்று நிற்கும், அவ்வளவே. 1880-களில் அமெரிக்காவில், சிங்கர் கம்பெனியில் இருந்த ஃபிலிப் டீல் என்பவர் தையல் மெஷின் மோட்டாரில் இறக்கைகளைப் பூட்டிக் கூரையில் ஏற்றினார். இரும்பு தலைக்கு மேலே போனதும் நம் மூலவாக்கியத்துக்கான தேவை பிறந்தது.

இனி உரை. "தாங்கும்" என்பதற்கு எழுவாய் இல்லை. தாங்குவது எது? தோன்றா எழுவாய் என்று சொல்லி இலக்கணிகள் நகர்ந்துவிடலாம். ஃபேனுக்கு நேர் கீழே பாய் விரிப்பவர் அப்படி நகர முடியாது.

நம்மூர் காங்கிரீட் வீட்டில் அந்த எழுவாய் பிறப்பது கூரை போடுவதற்கு முந்தைய நாள். சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடிந்ததும் பைப்புகளோடு எலக்ட்ரீஷியன் மேலே ஏறுகிறார். ஃபேன் வர வேண்டிய இடத்தில் ஒரு ஃபேன் பாக்ஸைப் பலகைமேல் கவிழ்த்து வைக்கிறார். பாக்ஸுக்குள் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி போகிறது; 10 அல்லது 12 மில்லி கனம் இருக்கும். அதன் இரு முனைகளும் பாக்ஸுக்கு வெளியே நீண்டு, ஸ்லாபின் கம்பிவலைமேல் ஏறி, கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டப்பட வேண்டும். காங்கிரீட் இறுகியபின் அந்தக் கம்பியைக் கூரையிலிருந்து பிரிக்க முடியாது. ஃபேன் தொங்குவது பாக்ஸில் அல்ல, பாக்ஸுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கம்பியில் என்பதே இவ்வாய்வின் தலையாய முடிபு. பாக்ஸ் செய்வதெல்லாம் கம்பியைச் சுற்றிக் கை நுழைய இடம் விடுவதும் ஒயர் முனைகளுக்கு ஒதுக்கிடம் தருவதும்தான்.

காங்கிரீட் உள்ளே புகாமலிருக்கப் பாக்ஸில் பேப்பர் திணிப்பது மரபு. பலகை பிரித்தபின் அதைத் தோண்டி எடுக்கும்போது பழைய தினத்தாளின் ராசிபலன் கிடைப்பதுண்டு. அது நம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. எல்லைக்கு உட்பட்டது வேறொன்று: முனைகளைக் கட்டாமல் பாக்ஸின் ஓட்டையில் சும்மா செருகிவிட்டுப் போனாலும், மறுநாள் காங்கிரீட் அதை மூடிவிடும். பிறகு யாராலும் பார்க்க முடியாது. வீடு கட்டுகிறவர் கட்டாயம் மேலே ஏறிப் பார்க்க வேண்டிய மாலை அதுவே. ஒவ்வொரு பாக்ஸையும் கைப்பேசியில் படமெடுத்து வைப்பவரை அறிவுடையோர் என்க.

மூலவாக்கியத்தை மொழிபவர் பெரும்பாலும் இந்தக் காட்சியைக் கண்டவரல்லர் என்பதையும் குறிக்க வேண்டும். கட்டியவர் ஒருவர், மாட்டுகிறவர் இன்னொருவர். முன்பின் அறியாத ஒருவர் செய்த வேலைக்கு இவர் ஜாமீன் தருகிறார். நல்ல வேலைக்காரர் வாயால் தருவதற்கு முன், கம்பியை நெம்புகோல் போட்டு அசைத்துப் பார்க்கிறார். கம்பி சுழன்றாலோ நகர்ந்தாலோ ஓரத்தில் காரை உதிர்ந்தாலோ ஃபேனைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைக்கிறார்.

அஃதேல், கூரையில் வேறொரு பாக்ஸும் இருக்கிறதே, அதில் மாட்டினால் ஆகாதோ எனின், ஆகாது. என்னை? அது லைட்டுக்கு வைத்த ஜங்ஷன் பாக்ஸ்; அதனுள் குறுக்குக் கம்பி இல்லை. அமெரிக்க மின்விதிகளும் இதே கருத்தின. அங்கே கூரை மரச்சட்டத்தால் ஆனது. பாக்ஸைச் சட்டத்தில் இறுக்கி, ஃபேனைப் பாக்ஸிலேயே பூட்டுவார்கள். அதனால் ஃபேனுக்கென்று முத்திரையிட்ட பாக்ஸ்தான் செல்லும். ஃபேன் 35 பவுண்டுக்கு, அதாவது சுமார் 16 கிலோவுக்கு மேற்பட்டால், தாங்கும் எடையும் பாக்ஸில் குறித்திருக்க வேண்டும். 70 பவுண்டைத் தாண்டினால் பாக்ஸை நம்பாமல் தனியே தாங்கல் கொடுக்க வேண்டும். எழுவாய் இல்லாத வாக்கியத்தை அவர்கள் ஏற்பதில்லை போலும்.

பாக்ஸே வைக்காத வீட்டில் கூரையைத் துளைத்து ஆங்கர் போல்ட் அடிப்பது பிற்காலப் பள்ளி. காங்கிரீட் உறுதியாக இருந்தால் அப்பள்ளியோடு நமக்குப் பகையில்லை. சிமெண்டுப் பூச்சில் மட்டும் பிடித்திருக்கும் ஆங்கரும், கம்பி துருப்பிடித்து உப்பி உதிரும் ஸ்லாபில் அடித்த ஆங்கரும் விலக்கத்தக்கன. பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் கொக்கி இறங்க வேண்டியது மரக்கட்டையில், கட்டைகளுக்கு இடையே உள்ள செங்கல்லில் அல்ல. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கோ அழகுக்கு வந்தது. நீளமான ராடு அதைத் துளைத்துக்கொண்டு மேலே ஸ்லாபுக்குப் போயாக வேண்டும்.

அடுத்தது செயப்படுபொருள்: எதைத் தாங்கும்? ஃபேனின் எடை நாலைந்து கிலோதான் என்பார் உளர். நிற்கும் ஃபேனுக்கு அது சரி. 1200 மில்லி ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்றுச் சுற்றினால் இறக்கை நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 79 கிலோமீட்டர். நாளுக்குப் பத்து மணிநேரம் ஓடினால் 2,10,000 சுற்று. நம் ஃபேன்களில் நடுத்தண்டு நிற்க, மோட்டாரின் வெளிக்கூடு முழுவதும் சுற்றுகிறது. சுற்றுகிற விசைக்கு எதிர்விசை தண்டின் மேல் விழுகிறது. ஆக, கம்பியோ கொக்கியோ தாங்குவது எடையை மட்டுமன்று, ஓயாத முறுக்கலையும் அதிர்வையும்.

அதிர்வு நட்டைக் கழற்றும். எவ்வளவு முறுக்கினாலும் கழற்றும். இதனால்தான் ராடின் மேல்முனையில் ஒரு போல்ட், மோட்டார் முனையில் ஒரு போல்ட், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு ஸ்பிளிட் பின் என்று வைத்தார்கள். நட்டு தளர்ந்தாலும் பின் இருக்கும்வரை போல்ட் உருவாது. பின்னைத் துளையில் விட்டு இரு கால்களையும் விரித்து மடக்க வேண்டும். விரிக்காத பின் தானே நழுவிவிடும். ராடைக் கம்பியில் மாட்டும் கிளாம்ப்பில் இருக்கும் ரப்பரும் அப்படியே: தேய்ந்துபோனால் இரும்பு இரும்பை அரைக்கத் தொடங்கும். பெட்டியைப் பிரிக்கையில் கீழே உருண்டு சோபாவுக்கு அடியில் போவது பெரும்பாலும் இந்தப் பின்தான் என்பது என் துணிபு. கட்டுக்கம்பித் துண்டை அதன் இடத்தில் முறுக்கிவிடும் வழக்கம் கண்டிக்கத்தக்கது.

"பத்து வருஷமா இப்படித்தான் ஆடுது, விழவா செஞ்சுது?" என்பது மாமனார் மரபின் வாதம். இது பிழைபட்டது. ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் இறக்கைகள்: ஒன்று வளைந்திருக்கும், அல்லது வேறு ஃபேனின் இறக்கை வந்து சேர்ந்திருக்கும். கூரையிலிருந்து ஒவ்வொரு நுனிக்கும் ஒரு குச்சியால் அளந்தால் எது தாழ்ந்தது என்று தெரிந்துவிடும். பத்து வருட ஆட்டம், பத்து வருடமாக நட்டுகள் தளர்ந்துவந்ததற்கே சான்று.

உயரத்தில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. இறக்கை தரையிலிருந்து 2.4 மீட்டருக்குக் குறையாமலும், கூரையிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டும் இருக்க வேண்டும். பங்க் கட்டில் வாங்கிய வீட்டார் மேல்தட்டிலிருந்து மறுபடி அளக்கவும்.

எஞ்சியது "சார்." இதை அசைநிலை எனத் தள்ளுவாரும் உளர், அது பொருந்தாது. விளி அது. விளித்த கணமே பொறுப்பு பேசியவரிடமிருந்து கேட்டவருக்கு மாறிவிடுகிறது. ஆகவே, சார், இந்த ஞாயிற்றுக்கிழமை மெயினை ஆஃப் செய்யுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பல வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டூல் மேல் ஸ்டூல் போடாமல் ஏணி வைத்து ஏறி, ராடின் மேல் கப்பைத் தளர்த்தி இறக்குங்கள். போல்ட் நுனியில் பின் இருக்கிறதா, கால்கள் விரிந்திருக்கின்றனவா, ரப்பர் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். பின் இல்லையென்றால், வாங்கிப் போடும்வரை அந்த ஃபேனை ஓட்டாதீர்கள்.